வீட்டுக்குள் இடைவெளி, வெளியே தொடர்பு

பெருந்தொற்று வந்தால் உடம்பைக் காப்பது எப்படி என்று சொல்ல ஆயிரம் பேர் வருவார்கள். முகக்கவசம், கைகழுவல், தடுப்பூசி, கபசுரக் குடிநீர் என்று ஆளுக்கொரு பட்டியல் வைத்திருப்பார்கள். நாலு சுவருக்குள் மாதக்கணக்கில் அடைபட்ட குடும்பம் ஒருவரையொருவர் காயப்படுத்தாமல் வாழ்வது எப்படி என்பதை மட்டும் அவரவர் சாமர்த்தியத்துக்கு விட்டுவிடுவோம். 2020இல் அப்படித்தான் விட்டோம். அதற்குக் கொடுத்த விலை இப்போது எண்களாகக் கிடைக்கிறது. கொரோனாவின் முதல் ஆண்டில் உலகெங்கும் மனச்சோர்வு நோய் ஏறக்குறைய 28 விழுக்காடும் பதற்ற நோய் ஏறக்குறைய 26 விழுக்காடும் கூடின என்று 2021 அக்டோபரில் லான்செட் இதழில் வந்த ஆய்வு மதிப்பிட்டது. ஆண்களைவிடப் பெண்களும், முதியவர்களைவிட இளையவர்களும் கூடுதலாகப் பாதிக்கப்பட்டிருந்தார்கள். இந்தியாவில் 2019இல் 1,39,123 பேரும், 2020இல் 1,53,052 பேரும், 2021இல் 1,64,033 பேரும் தற்கொலையால் இறந்ததாகத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் அறிக்கைகள் சொல்கின்றன. இந்த உயர்வு முழுவதையும் தொற்றின் கணக்கில் எழுதிவிட முடியாது. ஆனால் பதிவான காரணங்களில் மூன்று ஆண்டுகளிலும் முதலிடத்தில் நின்றது குடும்பப் பிரச்சினை. ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. மனநலத்தையும் உறவையும் தனித்தனிப் பாடமாக வைத்துப் பேசக் கூடாது என்பதற்கு இது போதும்.

இந்த அத்தியாயம் வலியுறுத்துவது ஒன்றைத்தான். தொற்றுக் காலத்தில் உறவுகள் நைந்துபோவதற்குப் பெரும்பாலும் அன்புக் குறைவு காரணம் இல்லை. அன்பைத் தாங்கி நின்ற ஏற்பாடுகள் ஒரே நாளில் காணாமல் போவதுதான் காரணம். சாதாரண நாளில் கணவர் வேலைக்குப் போகிறார், பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்கள், மாமியார் சாயங்காலம் கோயிலுக்குப் போய் நாலு பேரிடம் பேசிவிட்டு வருகிறார், மருமகளுக்குப் பகலில் இரண்டு மணி நேரம் வீடு அமைதியாகக் கிடைக்கிறது. ஒவ்வொருவரும் தன் எரிச்சலை வெளியே எங்கோ கரைத்துவிட்டுத்தான் வீடு திரும்புகிறார். 2020 மார்ச் 25 அன்று ஊரடங்கு தொடங்கியபோது இந்த வடிகால்கள் எல்லாம் ஒன்றாக அடைபட்டன. ஆகவே அடுத்த முறை மனிதர்களைத் திருத்தப் புறப்படுவதற்கு முன் ஏற்பாடுகளைச் சீர்செய்ய வேண்டும். வீட்டுக்குள் கொஞ்சம் இடைவெளியை நாமே உண்டாக்க வேண்டும்; வெளியே அறுந்துபோன தொடர்பை வேறு வழியில் கட்ட வேண்டும்.

கோபம் யார் மேல் போகிறது

குறை மனிதர்களிடம் இல்லை, சூழலில்தான் என்பதற்கான சான்று கொரோனா உலகெங்கும் பரவுவதற்கு முன்பே கையில் இருந்தது. சார்ஸ், எபோலா, பன்றிக்காய்ச்சல் போன்ற தொற்றுகளின்போது தனிமைப்படுத்தப்பட்டவர்களைப் பற்றிய 24 ஆய்வுகளை லண்டன் கிங்ஸ் கல்லூரி ஆய்வாளர்கள் தொகுத்துப் படித்து, 2020 பிப்ரவரியில் லான்செட் இதழில் எழுதினார்கள். மனத்தை உலைத்தவை என்று அவர்கள் கண்டவற்றைப் பாருங்கள்: தனிமை நீண்டுகொண்டே போவது, தொற்றிவிடுமோ என்ற பயம், சலிப்பு, அத்தியாவசியப் பொருள் போதாமை, தெளிவான தகவல் கிடைக்காமை, வருமான இழப்பு, அக்கம்பக்கத்தார் ஒதுக்கிவைப்பது. இந்தப் பட்டியலில் ‘மனவுறுதி இல்லாதவர்’ என்றோ ‘ஒத்துப்போகத் தெரியாத மனைவி’ என்றோ ‘பொறுப்பில்லாத கணவர்’ என்றோ எதுவும் இல்லை. எல்லாமே சூழலில் இருப்பவை, பலவும் மாற்றக்கூடியவை.

ஆனால் வீட்டுக்குள் இருப்பவர்களுக்குச் சூழல் கண்ணில் படாது, எதிரே நிற்கும் ஆள்தான் கண்ணில் படுவார். சம்பளம் பாதியானதால் வந்த கலக்கம், குழம்பில் உப்புக் குறைந்ததற்கான கோபமாக வெளியே வரும். டெக்சஸ் பல்கலைக்கழகத்தில் லிசா நெஃப் என்ற உளவியலாளரும் சக ஆய்வாளர்களும் பெருந்தொற்றின்போது தம்பதிகளிடம் இதையே ஆராய்ந்தார்கள். நெருக்கடி கூடக்கூட உறவில் நிறைவு குறைந்தது. ஆனால் தங்கள் அவதிக்குத் தொற்றுதான் காரணம் என்று எண்ணியவர்களிடம், குறிப்பாகப் பெண்களிடம், அந்தப் பாதிப்பு குறைவாக இருந்தது. இதிலிருந்து முதல் பழக்கத்தை எடுத்துக்கொள்ளலாம். சண்டை மூளும்போது, எரிச்சலுக்குக் காரணம் என்ன என்பதை வாய்விட்டுச் சொல்லிப் பழக வேண்டும். “உன் மேல கோபம் இல்லம்மா, இ.எம்.ஐ. எப்படிக் கட்டுறதுன்னு தெரியல, அதான் கத்திட்டேன்” என்று ஒருவர் சொல்லிவிட்டால், எதிரெதிரே நின்ற இரண்டு பேரும் ஒரு பிரச்சினையின் முன்னால் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறவர்களாக மாறுகிறார்கள். பணத்தைப் பற்றி இது இன்னும் கட்டாயம். வருமானம் எவ்வளவு குறைந்தது, நகை எங்கே அடகில் இருக்கிறது, யாரிடம் எவ்வளவு கைமாற்று என்பதை மறைத்து வைத்தால், பணக் கஷ்டத்தோடு துரோகம் என்ற பழியும் சேர்ந்துகொள்ளும். வாரம் ஒரு நாள் அரை மணி நேரம் கணக்கை மட்டும் பேசுவது, மற்ற ஆறு நாளும் அதை இழுக்காமல் இருப்பது என்று வைத்துக்கொள்வது நல்லது.

இடம், நேரம், வேலை

வீட்டுக்குள் சீர்செய்ய வேண்டிய ஏற்பாடுகள் மூன்று. முதலாவது இடம். ‘ஆளுக்கொரு அறை இருந்தால் நீங்கள் சொல்வது சரி, ஒற்றை அறை வீட்டில் இடைவெளிக்கு எங்கே போவது’ என்ற கேள்வி நியாயமானது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியக் குடும்பங்களில் ஏறக்குறைய 37 விழுக்காடு ஒரே அறையில்தான் வாழ்ந்தன. அங்கே இடத்தைப் பிரிக்க முடியாது, நேரத்தைப் பிரிக்கலாம். ஹவுசிங் போர்டு வீடொன்றின் காலை 9 மணியை எண்ணிப் பாருங்கள். இருப்பது ஒரே ஸ்மார்ட்போன். அதில் அண்ணனுக்கும் தங்கைக்கும் ஒரே நேரத்தில் ஆன்லைன் வகுப்பு. அப்பாவை வேலைக்குக் கூப்பிடும் அழைப்பும் அதில்தான் வரும். இரவே சார்ஜ் போட மறந்துவிட்டார்கள். குக்கர் விசில் அடிக்கும்போது டீச்சர் கேட்ட கேள்வி காதில் விழவில்லை. இந்த வீட்டில் ஒன்பதரைக்குள் ஒரு சண்டை நிச்சயம், அங்கே இருப்பவர்கள் எவ்வளவு நல்லவர்களாக இருந்தாலும். முந்தின இரவே போன் யாருக்கு எத்தனை மணி வரை என்று பேசி முடிவெடுத்து, சமையலை எட்டரைக்குள் முடித்துவிட்டால் அந்தச் சண்டை வராது. மொட்டை மாடியோ, மாடிப்படியோ, வாசல் திண்ணையோ, நாளுக்கு அரை மணி நேரம் ஒவ்வொருவருக்கும் தனியாக ஒதுக்குங்கள். அந்த நேரத்தில் அவரை யாரும் கூப்பிடக் கூடாது என்பதை வீட்டுச் சட்டமாக வையுங்கள். தனியாக இருக்க விரும்புவது வீட்டார் மேல் வெறுப்பு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். திரும்பி வருபவர் இன்னும் கொஞ்சம் பொறுமையோடு வருவார்.

இரண்டாவது நேரம். வேலை, பள்ளி, கடை, கோயில் என்று வெளியுலகம்தான் நம் நாளைப் பகுத்துத் தந்துகொண்டிருந்தது. அது நின்றதும் இரவு பகலாகி, தூக்கம் கெட்டு, தூக்கம் கெட்டதால் மனமும் கெடுகிறது. எழும் நேரம், குளிக்கும் நேரம், சேர்ந்து சாப்பிடும் ஒரு வேளை, படுக்கும் நேரம் ஆகிய நான்கை மட்டும் உறுதியாகப் பிடித்துக்கொண்டால் போதும். மற்றவை முன்பின்னாக இருக்கலாம். செய்திக்கும் நேரம் வேண்டும். நோய்ச் செய்தியை நாளுக்கு ஒன்றிரண்டு முறை, குறித்த நேரத்தில் மட்டும் பார்த்தால் போதும் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2020 மார்ச்சிலேயே அறிவுறுத்தியது. டி.வி.யில் சாவு எண்ணிக்கை ஓடிக்கொண்டிருக்க, பக்கத்தில் பிள்ளை சாப்பிட்டுக்கொண்டிருக்கும் வீட்டில், பயத்தைச் சோற்றோடு பிசைந்து ஊட்டுகிறோம். ‘குடும்பத்துக்குள் டைம்டேபிள் போட்டால் பாசம் எங்கே இருக்கும்’ என்று சிலர் கேட்கலாம். கல்யாண வீட்டில் யார் பந்தி பார்ப்பது, யார் மண்டப வாசலில் நிற்பது என்று பிரித்துக்கொள்வதால் அங்கே பாசம் குறைந்துவிடுவதில்லை. யார் எதைச் செய்வது என்ற குழப்பம் தீர்ந்தால்தான் சிரித்துப் பேச நேரம் கிடைக்கும்.

மூன்றாவது வேலை. 2019இல் நடந்த தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடம் அதில் செலவிட்டார்கள். ஈடுபடும் ஆண்கள் 97 நிமிடம். இது தொற்றுக்கு முந்தைய நிலை. எல்லோரும் மூன்று வேளையும் வீட்டில் சாப்பிட்டு, வீட்டில் பாத்திரம் போட்டு, பிள்ளைகளின் வகுப்பும் அடுக்களைப் பக்கத்திலேயே நடந்த காலத்தில் இந்தப் பாரம் எங்கே போய் விழுந்திருக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. மனச்சோர்வு பெண்களிடம் கூடுதலாக ஏறியதைப் படிக்கும்போது இதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். ‘நான் கூடமாட உதவுகிறேனே’ என்று கணவர் சொன்னால் அது போதாது. உதவுகிறவர், சொன்னதைச் செய்கிறார். என்ன செய்ய வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருக்கும் சுமை மனைவியிடமே தங்கிவிடுகிறது. இரவு உணவோ, துணி துவைப்பதோ, பெரியவர்களின் மாத்திரையோ, ஒரு பொறுப்பை முழுசாக எடுத்துக்கொள்ள வேண்டும். அரிசி தீர்ந்ததைக் கவனிப்பதிலிருந்து பாத்திரம் கழுவிக் கவிழ்ப்பது வரை அது அவருடையது. பத்து வயதுப் பிள்ளைக்கும் ஒரு வேலை கொடுங்கள். தமிழகத்தில் 1 முதல் 8 வரையிலான வகுப்புகள் 2021 நவம்பர் 1 அன்றுதான் திறந்தன. ஏறக்குறைய 19 மாதம் அந்தப் பிள்ளைகளுக்குப் படிப்போடு தோழர்களும் விளையாட்டும் போயின. நம்மால் ஆகிற காரியம் ஒன்று வீட்டில் இருக்கிறது என்று உணரும் பிள்ளையின் மனம் அவ்வளவு எளிதில் சோர்ந்துபோகாது.

அறுந்த தொடர்பைக் கட்டுவது

வீட்டுக்குள் எவ்வளவு சீராக இருந்தாலும் ஒரு குடும்பம் தனக்குத் தானே போதாது. மனைவியே தோழியாகவும், கணவரே அண்ணனாகவும், மகனே பேச்சுத்துணையாகவும் ஆக வேண்டும் என்று எதிர்பார்த்தால் எந்த உறவும் தாங்காது. அமெரிக்க உளவியலாளர் ஜூலியான் ஹோல்ட்-லன்ஸ்டாட் குழுவினர் 2010இல், 3 லட்சத்துக்கு மேற்பட்டவர்களைக் கொண்ட 148 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, வலுவான உறவுத் தொடர்புகள் உள்ளவர்கள் ஆய்வுக் காலத்தில் உயிரோடு இருக்கும் வாய்ப்பு 50 விழுக்காடு கூடுதல் என்று கண்டார்கள். தொற்றுக்குப் பயந்து ஆட்களை விலக்கினாலும் தொடர்பை விலக்கக் கூடாது என்பதற்கு இது மருத்துவக் காரணமே ஆகும்.

‘போனில் பேசுவது நேரில் பேசுவது போல் ஆகுமா’ என்பது அடுத்த ஆட்சேபம். ஆகாதுதான். ஆனால் நேரில் பேச வழியில்லாத காலத்தில் போனுக்கு மாற்று மௌனம்தான், மௌனத்தைவிடப் போன் பல மடங்கு மேல். இதையும் சோதித்திருக்கிறார்கள். டெக்சஸ் மாநிலத்தில், வீட்டுக்கு உணவு வழங்கும் திட்டத்தில் இருந்த 240 பேரில் பாதிப் பேருக்கு நான்கு வாரம் போன் செய்து பேசினார்கள். பேசியவர்கள் மருத்துவர்கள் இல்லை. கொஞ்சம் பயிற்சி பெற்ற, 17 முதல் 23 வயதுக்குட்பட்ட சாதாரண இளைஞர்கள். அழைப்பு வந்தவர்களிடம் தனிமை உணர்வும் மனச்சோர்வும் பதற்றமும் குறைந்தன என்று 2021இல் ஜாமா சைக்கியாட்ரி இதழ் வெளியிட்டது. அந்த இளைஞர்கள் அறிவுரை சொல்லவில்லை. எதிரே இருப்பவர் பேச விரும்பியதைக் கேட்டார்கள். ஊரில் தனியாக இருக்கும் அப்பா அம்மாவுக்கு நாம் செய்யும் அழைப்பு பெரும்பாலும் “சாப்பிட்டீங்களா, மாத்திரை போட்டீங்களா, வெளிய போகாதீங்க” என்பதோடு முடிந்துவிடுகிறது. அது விசாரணை, பேச்சில்லை. குறித்த நேரத்தில் கூப்பிடுங்கள்; அவர்கள் அந்த நேரத்துக்காகக் காத்திருப்பதே நாளுக்கு ஒரு பிடிமானம். “அம்மா, வத்தக்குழம்புக்குப் புளி எவ்வளவு கரைக்கணும்”, “அப்பா, அந்தக் காலத்துல காலரா வந்தப்ப ஊர்ல என்ன செஞ்சாங்கன்னு தாத்தா சொல்லியிருக்காரா” என்று அவர்களிடமிருந்து ஏதாவது கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பிறருக்குப் பயன்படுகிறோம் என்ற எண்ணம் முதுமைக்குப் பெரிய ஊன்றுகோல்.

தனியாக வசிப்பவர் விதிகள் அனுமதிக்கும் அளவுக்கு ஒரே ஒரு குடும்பத்தோடு ஒப்பந்தம் செய்துகொள்ளலாம். தனியாளாக வாழ்பவர் இன்னொரு வீட்டோடு சேர்ந்துகொள்ள இங்கிலாந்து அரசு 2020 ஜூனில் சட்டப்படியே வழி செய்தது. இரு தரப்பும் வேறு யாரோடும் கலக்காமல் இருந்தால் தொற்றின் ஆபத்தும் கட்டுக்குள் இருக்கும், தனிமையும் தீரும்.

தொற்று வந்த வீட்டை ஒதுக்குவது, நோயைவிட ஆழமாகக் குத்தும். வாசலில் ஒட்டிய ஸ்டிக்கரும் தெருவை மறித்த தகரமும் பலருக்கு மறக்கவில்லை. 2020 ஏப்ரலில் சென்னையில், கொரோனாவால் இறந்த மருத்துவர் ஒருவரை அடக்கம் செய்யச் சென்றவர்களை ஒரு கூட்டம் கல்லால் அடித்து விரட்டியது. பயம் மனிதரை எவ்வளவு தூரம் கொண்டுபோகும் என்பதற்கு அது பாடம். பக்கத்து வீட்டில் தொற்று என்றால், வாசலில் ஒரு பாத்திரம் ரசம் வைத்துவிட்டுக் கதவைத் தட்டி நகர்ந்து நின்று நலம் விசாரிப்பதால் யாருக்கும் நோய் வராது. சாவு நேர்ந்த வீட்டில் 20 பேருக்கு மேல் கூடக் கூடாது என்றிருந்த நாட்களில், முகம்கூடப் பார்க்காமல் வழியனுப்பியவர்களின் துக்கம் பாதியில் நின்றுபோனது. அவர்களிடம் “நடந்தது நடந்துபோச்சு” என்று சொல்லாதீர்கள். போனிலாவது இறந்தவரைப் பற்றிப் பேசவிடுங்கள். கட்டுப்பாடு தளர்ந்த பிறகு, எத்தனை மாதம் ஆகியிருந்தாலும், ஒரு படத்திறப்போ நினைவுக் கூட்டமோ ஜெபமோ வைத்து உறவுகளைக் கூட்டுங்கள். சேர்ந்து அழ வேண்டிய அழுகைக்குக் காலம் கடந்துவிடுவதில்லை.

ஏற்பாட்டால் தீராதது

இதுவரை சொன்னதற்கு எதிராக வரக்கூடிய மிகக் கனமான ஆட்சேபம் இது: ‘எல்லாவற்றுக்கும் சூழலைக் காரணம் காட்டினால், அடிக்கிற கணவனுக்கு அது சாக்காகிவிடாதா?’ ஆகக் கூடாது. தேசியக் குடும்பநல ஆய்வின் 5ஆம் சுற்றில் (2019-21), திருமணமான 18 முதல் 49 வயதுப் பெண்களில் 29 விழுக்காட்டினர் கணவனின் உடல் அல்லது பாலியல் வன்முறையை அனுபவித்ததாகச் சொன்னார்கள். தொற்று இதை உண்டாக்கவில்லை. ஏற்கெனவே இருந்ததைப் பூட்டிய கதவுக்குள் தள்ளியது. 2020 ஏப்ரலில் ஐ.நா. பொதுச்செயலாளர், போர்முனைகளில் கேட்ட அமைதியை வீடுகளுக்குள்ளும் கேட்க வேண்டியிருந்தது. நம் தேசிய மகளிர் ஆணையம் அதே மாதத்தில் வாட்ஸ்அப் எண் திறந்தது. எரிச்சலையும் வன்முறையையும் பிரித்துப் பார்க்க ஒரு வழி உண்டு. முதலாளி திட்டும்போது, போலீஸ்காரர் வண்டியை மறிக்கும்போது கையை அடக்கத் தெரிந்தவர், வீட்டில் மட்டும் கையை ஓங்குகிறார் என்றால் அவர் நெருக்கடியால் நிதானம் இழந்தவர் இல்லை. அடித்தாலும் கேட்பாரில்லை என்று தெரிந்து அடிப்பவர். கைபேசியைப் பிடுங்கிவைப்பது, காசு கொடுக்காமல் இருப்பது, பிறந்த வீட்டோடு பேசவிடாமல் தடுப்பது, எல்லாம் அதே வகை. இங்கே பொறுமை மருந்தாகாது.

அப்படிப்பட்ட வீட்டில் இருக்கும் பெண், நம்பும் ஒருவரிடம் ஒரு அடையாளச் சொல்லை முன்பே சொல்லி வைக்க வேண்டும்; அந்தச் சொல் போனில் வந்தால் அவர் உதவிக்கு ஏற்பாடு செய்ய வேண்டும். ஆதார், ரேஷன் கார்டு, வங்கிப் புத்தகம், பிள்ளைகளின் சான்றிதழ் ஆகியவை ஒரே பையில் இருக்கட்டும். 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம், பகிர்ந்து வாழும் வீட்டில் தொடர்ந்து இருக்கும் உரிமையைப் பெண்ணுக்குத் தருகிறது. உதவுவதற்கு மாவட்டத்தில் பாதுகாப்பு அலுவலர் இருக்கிறார். பெண்களுக்கு 181, குழந்தைகளுக்கு 1098, முதியவர்களுக்கு 14567 ஆகிய எண்களில் உதவி கேட்கலாம். சுவருக்கு அப்பால் அலறல் கேட்கும் அண்டை வீட்டாருக்கும் கடமை உண்டு. சர்க்கரை கேட்கிற சாக்கில் காலிங் பெல்லை அடித்தாலே அந்த நேரத்து அடி நிற்கக்கூடும்.

மனமே நோய்ப்படும்போது

‘சோற்றுக்கே வழியில்லாத வீட்டில் மனநலம் ஆடம்பரம் இல்லையா’ என்று கேட்பவர்களுக்கும் பதில் சொல்ல வேண்டும். சோறு முதலில் வேண்டும் என்பதில் மறுப்பே இல்லை. கிங்ஸ் கல்லூரித் தொகுப்பும் பொருள் போதாமையையும் வருமான இழப்பையும் மனத்தை உலைக்கும் காரணங்களில்தான் வைக்கிறது. 2021 மே, ஜூன் மாதங்களில் தமிழக அரசு அரிசி ரேஷன் கார்டுக்கு 4,000 ரூபாய் கொடுத்தது வயிற்றுக்கு மட்டுமான உதவி இல்லை, பல வீடுகளின் நிம்மதிக்கும் ஆன உதவி. அதே சமயம், மனம் ஒடிந்தவரால் மறுபடி வேலை தேடிப் போக முடியாது. வறுமை மனநலத்தின் தேவையைக் குறைப்பதில்லை, கூட்டுகிறது.

ஏற்பாடுகள் எல்லாம் செய்தும் இரண்டு வாரத்துக்கு மேல் ஒருவருக்குத் தூக்கமோ பசியோ இல்லாமல் போனால், பிடித்த எதிலும் நாட்டம் இல்லாமல் போனால், ‘நான் இருந்து என்ன பயன்’ என்ற பேச்சு வந்தால், அதற்கு மருத்துவ உதவி வேண்டும். குடி கூடினாலும் அப்படியே. சாக நினைக்கிறாயா என்று நேரடியாகக் கேட்பது அந்த எண்ணத்தைத் தூண்டிவிடாது. பேச வாசல் திறக்கும். அப்படிச் சொன்னவரைத் தனியே விடக் கூடாது. 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் எந்நேரமும் தமிழில் இலவசமாகப் பேசலாம்; தமிழக அரசின் 104 எண்ணும் இருக்கிறது. மாவட்டத் தலைமை மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு உண்டு. ஏற்கெனவே மாத்திரை சாப்பிடுபவர்கள், ஊரடங்கில் மருந்து நின்றுபோகாதபடி ஒரு மாதத்துக்கானதைக் கையில் வைத்திருக்க மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

இந்த அத்தியாயத்தைப் படித்து முடித்த கையோடு ஒரு வெள்ளைத்தாளை எடுங்கள். வீட்டார் எல்லோரும் உட்கார்ந்து ஐந்து விஷயங்களை அதில் எழுதுங்கள்: அடைபட்டிருக்க நேர்ந்தால் ஒவ்வொருவருக்கும் தனி நேரம் எப்போது எங்கே, எந்த வீட்டு வேலை முழுசாக யாருடையது, தினமும் யார் யாரைப் போனில் கூப்பிடுவது, பணக் கணக்குப் பேசும் நாள் எது, அவசரத்துக்கு எந்தெந்த எண்கள். நெருக்கடி வந்த பிறகு இதைப் பேச உட்கார்ந்தால், ஆளாளுக்கு எரிச்சலில் இருக்கும்போது பேச்சே சண்டையாகிவிடும். வீடு அமைதியாக இருக்கும் இன்றைக்கே எழுதி, அரிசி டப்பாவுக்கு மேலே எல்லோர் கண்ணிலும் படும்படி ஒட்டிவையுங்கள். ஆண்டுக்கொரு முறை எடுத்துப் பார்த்து, பிள்ளைகள் வளர்ந்ததற்கும் பெரியவர்கள் தளர்ந்ததற்கும் ஏற்ப மாற்றி எழுதுங்கள்.